பேய்ப்படத்தைப் பகடி செய்வது எப்படி: ஐந்து நிமிடக் குறும்படத்துக்கு ஒரு வழிகாட்டி

முதன்முதலாகத் திகில் பகடி எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் பேயிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பேய் வழுக்கி விழுகிறது, பேய்க்குத் தும்மல் வருகிறது, பேய் செல்ஃபி எடுக்கிறது. அரை நிமிடம் சிரிப்பு வரும். அதற்குப் பிறகு படத்தில் பயமும் இருக்காது, சிரிப்பும் இருக்காது. அசட்டுப் பேயைப் பார்த்து யாரும் பதறமாட்டார்கள். பதற்றம் இல்லாத இடத்தில் இந்த வகை நகைச்சுவைக்கு வேலையே இல்லை. அதனால் இங்கே சொல்லப்போவது இதற்கு நேர் எதிரான வழி: பேய் பேயாகவே இருக்கட்டும், கோணலை எல்லாம் மனிதர்களிடம் வையுங்கள். இரண்டு மூன்று நடிகர்கள், ஒரே அறை, ஒரே இரவில் படப்பிடிப்பு, ஐந்து நிமிடம் என்ற அளவுக்குப் பொருந்தும்படி விவரங்கள் தரப்பட்டுள்ளன.

எதைச் செய்கிறோம் என்பதில் தெளிவு

மூன்று சங்கதிகள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. திகில் நகைச்சுவை என்பது பயமுறுத்தும் கதைக்குள் சிரிப்பும் இருப்பது. பகடி என்பது எல்லோருக்கும் பழகிப்போன ஒரு படவகையின் நடையை அப்படியே எடுத்துக்கொண்டு அதன் விதிகளைக் கேலிக்கு உள்ளாக்குவது. டார்க் காமெடி, அதாவது அவல நகைச்சுவை, சாவையும் நோயையும் கொலையையும் இழவையும் நகைச்சுவையின் மூலப்பொருளாகவே எடுத்துக்கொள்வது. எழுதிய நகைச்சுவை இந்த மூன்றாவது வகைதானா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. காட்சியிலிருந்து சாவை எடுத்துவிடுங்கள். அப்போதும் சிரிப்பு வந்தால் அது அவல நகைச்சுவை இல்லை, சாதாரண நகைச்சுவைக்குக் கறுப்புச் சட்டை மாட்டியிருக்கிறீர்கள்.

இதற்கு வெளிநாட்டுப் படங்களைத்தான் பார்க்கவேண்டும் என்றில்லை. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைக்கும் பகுதியை எடுத்துப் படியுங்கள். சமையலுக்கு முன் பேய்கள் பல் விளக்கவேண்டும். அதற்கு யானைத் தந்தம். நாக்கு வழிக்க யானையின் விலா எலும்பு. பிறகு குளியல், அடுப்பு மூட்டல், பரிமாறல் என்று ஒரு வீட்டு வேலையின் ஒழுங்கு கொஞ்சமும் குலையாமல் நடக்கிறது. ஜெயங்கொண்டார் எங்கேயும் கண்சிமிட்டுவதில்லை. பொருள் கோரம், நடைமுறை அன்றாடம்: இந்தப் பிளவை மட்டும் பிடித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

முதல் படி: ஒரே ஒரு வகை, பதினைந்து விதிகள்

பேய் வீடு, ஜாம்பி, முகமூடிக் கொலைகாரன், ஆவி புகுந்த உடல், கையில் கேமராவோடு ஓடுபவர்கள் எடுத்த காட்சி என்று திகிலுக்குள் பல கிளைகள் உண்டு. ஒன்றை மட்டும் எடுங்கள். அந்த வகையில் மூன்று படங்களை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை ஒலியோடு, இரண்டாம் முறை ஒலி இல்லாமல். ஒலியில்லாமல் பார்க்கும்போதுதான் எலும்புக்கூடு தெரியும்: கேமரா எப்போது மெல்ல முன்னே நகர்கிறது, எப்போது சட்டகத்தின் ஒரு பக்கம் காரணமே இல்லாமல் காலியாக விடப்படுகிறது, எந்த முகத்தில் எத்தனை நொடி நிற்கிறது.

பார்த்ததைப் பதினைந்து விதிகளாக எழுதுங்கள். தனியாகப் போகும் ஆள்தான் முதலில் சாவார். சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால் பூனை; நிம்மதிப் பெருமூச்சு; அடுத்த நொடி அலறல். கண்ணாடி அலமாரியை மூடினால் பின்னால் உருவம். வண்டி கிளம்பாது. ஒவ்வொரு விதிக்கும் பக்கத்திலேயே அது ஏன் இருக்கிறது என்றும் எழுதவேண்டும். புதியவர்கள் விட்டுவிடுவது இந்த இரண்டாம் பத்தியைத்தான். செல்போனில் சிக்னல் கிடைக்காது, ஏனென்றால் கிடைத்தால் போலீஸ் வந்து கதை பத்தாம் நிமிடம் முடிந்துவிடும். காரணம் தெரிந்தவுடன் பகடி தானாக வரும்: சிக்னல் அருமையாகக் கிடைக்கிறது, ஆனால் எதிர்முனையில் 'பேய் தொடர்பான புகார்களுக்கு எண் ஏழை அழுத்தவும்' என்று குரல் வருகிறது.

இப்போது ஒரு விதியை மட்டும் உடையுங்கள். மீதிப் பதினான்கும் முழு பக்தியோடு கடைப்பிடிக்கப்படவேண்டும். ஐந்து நிமிடத்துக்கு அந்த விதியிலேயே ஒரு பெரிய உடைப்பு, கூடவே இரண்டு சின்ன உடைப்புகள் போதும். அதற்கு மேல் போனால் படம் துணுக்குத் தோரணமாகிவிடும்.

மூலத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 1996-இல் வந்த 'ஸ்க்ரீம்' திகில் பட விதிகளைத் தானே பேசிச் சிரிக்கும் படம். தயாரிப்பின்போது அதற்கு இருந்த தற்காலிகத் தலைப்பு 'ஸ்கேரி மூவி'. அதே தலைப்பில் 2000-இல் வந்த பகடிப்படம் முக்கியமாக இந்த 'ஸ்க்ரீம்' மீதே பாய்ந்தது. ஏற்கெனவே தன்னைக் கிண்டல் செய்துகொண்ட ஒன்றை மறுபடி கிண்டல் செய்ய நுணுக்கத்துக்கு இடமில்லை. அதனால் குரலை உயர்த்தி, உடல் சார்ந்த பச்சை நகைச்சுவைக்கு இறங்கவேண்டியதாயிற்று. அந்தப் படம் வசூலில் நன்றாகவே ஓடியது என்பது வேறு விஷயம். தொடக்கக்காரருக்கு நல்லது, தன்னைப் பற்றி மிகவும் பெரிதாக நினைத்துக்கொள்ளும் கம்பீரமான திகில்தான்.

இரண்டாம் படி: நாலுக்கு நாலு கட்டம்

கரு கிடைக்காமல் தவிப்பவர்களுக்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் ஒரு கருவி. அச்சம் நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது: அணங்கு (பேய், தெய்வம் போன்றவை), விலங்கு, கள்வர், தம் இறை (தமக்கு மேலிருப்பவர்). நகையும் நான்கிலிருந்து: எள்ளல், இளமை, பேதைமை, மடன். ஒரு தாளில் அச்சத்தை இடப்பக்கமும் நகையை மேலேயும் எழுதிக் கட்டம் போடுங்கள். பதினாறு கட்டங்கள். நம் வேலைக்காகப் பேதைமையை 'தெரியாமை' என்றும், மடனை 'பிடித்த பிடியை விடாமை' என்றும் வைத்துக்கொள்ளலாம்.

கள்வரும் பேதைமையும் சந்திக்கும் கட்டம்: கத்தியோடு வீட்டுக்குள் நுழைந்த முகமூடி ஆளைக் குழாய் பழுதுபார்க்க வந்தவர் என்று நினைத்து, தாமதமாக வந்ததற்குக் கடிந்துகொள்கிறார் வீட்டுக்காரர். விலங்கும் இளமையும்: ஓநாய் மனிதனை வளர்ப்புப் பிராணியாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கும் குழந்தை. இறையும் எள்ளலும்: ஜாம்பியான மேலதிகாரியிடம் மாற்றமே தெரியாத அலுவலகம் (இது தேய்ந்துபோனது, தவிர்க்கலாம்). பதினாறையும் ஒரு வரியில் நிரப்பிவிட்டுத் தேர்ந்தெடுங்கள். மடன் பத்திதான் எப்போதும் வளமானது. பயம் கண்ணெதிரே நிற்கும்போதும் தன் ஆசையை, கௌரவத்தை, நடைமுறையை விடாத ஆளிடம் ஐந்து நிமிடத்துக்குத் தேவையான சிரிப்பு முழுவதும் இருக்கிறது. எள்ளல் ஆகக் கடினம். மேலிருந்து பார்க்கும் குரல் எளிதில் சலித்துவிடும்.

மூன்றாம் படி: யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்

பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் என்ற இரு ஆய்வாளர்கள் 2010-இல் முன்வைத்த விளக்கம் இங்கே உதவும்: ஒன்று 'தப்பு' என்றும் 'ஆனால் ஆபத்தில்லை' என்றும் ஒரே நேரத்தில் தோன்றினால்தான் சிரிப்பு வருகிறது. தப்பு மட்டும் இருந்தால் அருவருப்பு; ஆபத்தின்மை மட்டும் இருந்தால் கொட்டாவி. டார்க் காமெடியில் முதல் பாதி இலவசமாகக் கிடைத்துவிடுகிறது, சாவு எப்போதும் தப்புதான். நீங்கள் உழைக்கவேண்டியது இரண்டாம் பாதிக்கு. மிகை, கற்பனை உலகம், பாத்திரம் தன் தலையில் தானே மண் போட்டுக்கொள்வது, இவைதான் அந்த இடைவெளியை உண்டாக்கும் வழிகள்.

ஆகவே சிரிப்பின் குறி பேராசையாக, தற்பெருமையாக, வெற்று மரியாதையாக இருக்கட்டும். செத்தவரின் கையறுநிலையாக இருக்கவேண்டாம். மனநோயாளிதான் கொலைகாரன் என்ற திருப்பம், பாலியல் வன்முறை, தற்கொலை ஆகியவற்றை முதல் படத்தில் தொடாதீர்கள். பார்ப்பவர்களில் சிலருக்கு அவை கற்பனை இல்லை. இடைவெளி கிடைக்காமல் சிரிப்பு அவர்கள் மேலேயே விழும்.

நான்காம் படி: காட்சியை எழுதுதல்

அணங்கும் மடனும் சந்திக்கும் கட்டத்திலிருந்து ஒரு மாதிரி.

இரவு. இறந்துபோன தந்தையின் அறை. அக்கா ஸ்க்ரூடிரைவரால் பீரோப் பூட்டை நெம்பிக்கொண்டிருக்கிறாள். கதவில் மூன்று தட்டல். தம்பி கதவிடுக்கு வழியே பார்க்கிறான்.

தம்பி: அக்கா... வெளிய அப்பா நிக்கிறாரு.
அக்கா: (நெம்பிக்கொண்டே) நேத்துதானடா அடக்கம் பண்ணோம்.
தம்பி: அதான்க்கா சொல்றேன்.
(மறுபடி மூன்று தட்டல். இந்த முறை மெதுவாக.)
அக்கா: எப்படி இருக்காரு?
தம்பி: ஒடம்பெல்லாம் மண்ணு. ஒரு கண்ணு இல்ல.
அக்கா: கையில?
தம்பி: கையில என்ன?
அக்கா: சாவி இருக்கா பாரு.
(நீண்ட அமைதி. தம்பி மறுபடி இடுக்கில் கண் வைக்கிறான்.)
தம்பி: ...இருக்கு.
(அக்கா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்கிறாள். தலைமுடியைச் சரிசெய்கிறாள்.)
அக்கா: கதவத் தொற. அப்பாவ வெளியவே நிக்க வெச்சா நல்லாவா இருக்கு.

உடைந்த விதி ஒன்றே ஒன்று: கதவைத் திறக்காதே. அப்பாவைப் பற்றிய வர்ணனையில் துளி நகைச்சுவை கிடையாது. 'ஒரு கண்ணு இல்ல' என்ற வரி பயமாகவே விழவேண்டும். அது விழுந்தால்தான் 'கையில?' என்ற ஒற்றைச் சொல் வெடிக்கும். கடைசி வரியில் பேராசை பாசத்தின் உடையைப் போட்டுக்கொள்கிறது. யாரும் 'எனக்குப் பணம் முக்கியம்' என்று சொல்வதில்லை. சொன்னால் காட்சி அங்கேயே செத்துவிடும்.

இந்த இடத்தில் புதியவர்கள் செய்யும் வேலை, தம்பியை நகைச்சுவையாளனாக்குவது. கூடாது. இருவரில் ஒருவர் பார்வையாளரின் பயத்தைச் சுமக்கவேண்டும். இருவரும் கோணலாக இருந்தால் கோணல் எது என்று அளக்க நேர்கோடு இல்லாமல் போகும்.

அடுத்து, விலை. கதவு திறந்தபின் நிஜமாகவே ஏதாவது நடக்கவேண்டும், யாருக்கோ அடிபடவேண்டும். எல்லாம் கனவு, எல்லாம் விளையாட்டு என்று முடித்தால் முந்தைய நான்கு நிமிடமும் பொய்யாகிவிடும். பீரோவுக்குள் பணக்கட்டு இருந்தால் நீதிக்கதை. காலியாக இருந்தாலும் நீதிக்கதைதான். அப்பாவும் அதே பீரோவைத் திறக்கத்தான் எழுந்து வந்திருக்கிறார் என்றால் படம் குடும்பப் படமாகிவிடும். மூன்று பேரும் ஒரே ரத்தம்.

கோரத்தையும் அன்றாடத்தையும் ஒரே உடலில் பிரித்து வைக்கும் முறைக்கு 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' (1981) நல்ல பாடம். செத்த நண்பன் திரும்பத் திரும்ப வருகிறான். ஒவ்வொரு முறையும் உடல் இன்னும் அழுகியிருக்கிறது, பேச்சு மட்டும் பழைய தோழமையோடு. ரிக் பேக்கரின் ஒப்பனை அவ்வளவு நம்பும்படி இருப்பதால்தான் அந்த அரட்டை வேலை செய்கிறது. ஒப்பனைக்கென்று தனி ஆஸ்கர் பிரிவு தொடங்கியபோது முதல் பரிசு அந்தப் படத்துக்குத்தான் போனது.

ஐந்தாம் படி: நடிப்பும் வெளிச்சமும்

நடிகர்களுக்குச் சொல்லவேண்டியது ஒரே வாக்கியம்: 'நீங்கள் திகில் படத்தில் இருக்கிறீர்கள்.' புருவம் தூக்குவது, குரலை இழுப்பது, கேமராவைப் பார்ப்பது எதுவும் வேண்டாம். 1948-இல் வந்த 'அபட் அண்ட் காஸ்டெல்லோ மீட் ஃப்ராங்கன்ஸ்டைன்' படத்தில் பேலா லுகோசி டிராகுலாவாகவும் லான் சேனி ஜூனியர் ஓநாய் மனிதனாகவும் தங்கள் பழைய திகில் படங்களில் நடித்த அதே தீவிரத்தோடுதான் நடித்தார்கள். கோமாளித்தனம் முழுவதும் அபட், காஸ்டெல்லோ என்ற நகைச்சுவை இரட்டையருடையது. ஒத்திகையில் காட்சியை முதலில் ஒருமுறை சிரிப்பே இல்லாத சோகக் காட்சியாக ஓட்டிப் பாருங்கள். அந்த வேகத்திலிருந்து சுமார் கால்பங்கு கூட்டினால் சரியான தாளம் கிடைக்கும்.

வெளிச்சத்தில் ஒரு முரண் உண்டு. திகிலுக்கு முகத்தில் பாதி இருட்டு வேண்டும். நகைச்சுவைக்குக் கண் தெரியவேண்டும். கண் தெரியாத இருட்டில் எடுத்த எதிர்வினை ஷாட் (கேட்டவர், பார்த்தவர் முகத்தைக் காட்டும் ஷாட்) எவ்வளவு நன்றாக நடித்திருந்தாலும் சிரிப்பைத் தராது. தீர்வு எளிது. பக்கவாட்டிலிருந்து ஒரு முதன்மை விளக்கு, மறுபக்கம் இருட்டு, கேமராவுக்குச் சற்று மேலே மிகக் குறைந்த ஒளியில் ஒரு சிறு விளக்கு. அது கண்ணில் ஒரு புள்ளி வெளிச்சம் மட்டும் போடும், நிழல் கலையாது. செல்போனில் எடுப்பதானால் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா ஏற்கும் ஒளியின் அளவை, பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் கதவு திறக்கும் நொடியில் படம் தானாக வெளுத்துப்போகும்.

மாதிரிக் காட்சிக்கு ஆறு ஷாட்கள் போதும்: அறை முழுவதும் தெரியும் அகல ஷாட், அக்கா மார்பளவு, தம்பி மார்பளவு, இடுக்கு வழியே தம்பி பார்ப்பது, சாவி உள்ள கையின் நெருங்கிய ஷாட், கதவு. நெருங்கிய ஷாட்டைப் பயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரி மட்டும் அகல ஷாட்டில் வரட்டும். இருவருக்கும் கதவுக்கும் இடையில் உள்ள தூரம் தெரிந்தால்தான் அந்த மரியாதை எவ்வளவு அபத்தம் என்று புரியும்.

திகிலின் தோற்றத்தில் கஞ்சத்தனம் கூடாது. மெல் புரூக்ஸ் 1974-இல் 'யங் ஃப்ராங்கன்ஸ்டைன்' என்ற பகடிப்படத்தை எடுத்தபோது கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். 1931-இல் வந்த 'ஃப்ராங்கன்ஸ்டைன்' மூலப்படத்தின் ஆய்வகக் கருவிகளையே, அவற்றைச் செய்த கென்னத் ஸ்ட்ரிக்ஃபேடனிடமிருந்து வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்தினார். பின்னணி அசலாக இருக்கும்போது முன்னால் நடக்கும் சின்னப் பிசகும் பளிச்சென்று தெரியும்.

ரத்தம்

கெட்டியான கார்ன் சிரப் அல்லது சர்க்கரைப் பாகு 1 கப், கோகோ பவுடர் 1 மேசைக்கரண்டி, திரவ வடிவிலான சிவப்பு உணவு நிறம் 3 தேக்கரண்டி, நீல நிறம் 2 சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் 2 மேசைக்கரண்டி. கோகோவை முதலில் தண்ணீரில் குழைத்துவிட்டுப் பாகில் சேருங்கள். நேராகப் போட்டால் கட்டி தட்டும். சர்க்கரைப் பாகு ஆறியதும் பூத்துக்கொள்ளாமல் இருக்கக் காய்ச்சும்போது எலுமிச்சைச் சாறு சில சொட்டுகள் விடலாம். கோகோ இல்லாவிட்டால் கலவை கண்ணாடிபோல் ஒளி ஊடுருவி, கேமராவில் ரோஸ்மில்க் நிறத்தில் தெரியும். நீலம் நான்கு சொட்டைத் தாண்டினால் ஊதா. படப்பிடிப்பு விளக்கிலேயே, நடிகர் அணியப்போகும் துணியின் ஓரத்தில் சோதியுங்கள். துணிக் கறை போகாது என்று வைத்துக்கொண்டு ஒரே மாதிரி உடை இரண்டு செட் வையுங்கள். தரையில் சிந்தினால் உடனே துடையுங்கள், பயங்கரமாக வழுக்கும். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) குளியலறைக் காட்சியில் ஓடுவது சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளையில் நிறம் ஒரு பொருட்டில்லை, அடர்த்திதான் முக்கியம்.

அளவுதான் நீங்கள் கூட்டிக் குறைக்கவேண்டிய திருகு. ஒரு தேக்கரண்டி ரத்தம் வலிக்கும். அரை கப் பதறவைக்கும். நிற்காமல் பீய்ச்சிக்கொண்டே இருந்தால் சிரிப்பாகும், அதிலும் பக்கத்தில் இருப்பவர் பேச்சை நிறுத்தாமல் முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டால். எதையும் தீர்மானிக்காத நடுத்தர அளவு மட்டும் வேண்டாம்.

ஒலியும் வெட்டும்

'டொய்ங்' ஓசையும் கோமாளி இசையும் ஒரு நொடிகூடக் கூடாது. இசை தான் திகில் படத்தில் இருப்பதாகவே நம்பவேண்டும். படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச்சொல்லி அறையின் வெற்று ஒலியை 60 நொடி பதிவு செய்யுங்கள். வசனத் துண்டுகளுக்கு இடையில் ஒட்டுவதற்கு அது இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டும் காதில் குதிக்கும்.

திடுக்கிடலின் வழக்கமான கட்டமைப்பு இது: பின்னணி ஒலி மெல்லக் குறையும், ஓரிரு நொடி கிட்டத்தட்ட மௌனம், பிறகு உருவமும் பேரொலியும் ஒன்றாக. பகடியில் இதை மூன்று விதமாகக் கெடுக்கலாம். மௌனத்தை ஆறேழு நொடிக்கு நீட்டி, பார்ப்பவர் 'வா, வந்து தொலை' என்று நினைக்கும்போது ஒன்றும் வராமல் விடலாம். பேரொலியோடு அற்பமான ஒன்றைக் காட்டலாம். இது ஒருமுறைதான் செல்லும். அல்லது ஒலியே இல்லாமல், அகல ஷாட்டின் மூலையில் உருவம் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்க, பாத்திரங்கள் பங்கு பிரித்துக்கொண்டிருக்கலாம். மூன்றாவதே சிறந்தது.

'ஷான் ஆஃப் த டெட்' (2004) படத்தில் நாயகன் வீட்டிலிருந்து கடைக்குப் போய்வரும் நடை வெட்டில்லாத ஒரே ஷாட்டாக இரண்டு முறை வருகிறது. முதலில் சாதாரண நாளில், பிறகு ஊரே ஜாம்பியானபின், அவன் எதையும் கவனிக்காமல். முதல் நடை இல்லாவிட்டால் இரண்டாவதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. உங்கள் ஐந்து நிமிடத்திலும் முதல் நாற்பது நொடியைச் சாதாரணத்துக்கு ஒதுக்குங்கள்.

வசனத்துக்கு முந்தைய மௌனத்தை நொடிக்கணக்கில் பார்த்துத் திருத்தாதீர்கள். நொடிக்கு 24 பிரேமில் நான்கு நான்காகக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். 'கையில?' சட்டென்று விழவேண்டும். 'இருக்கு' இழுபடவேண்டும்.

சோதனை

கதை தெரியாத ஐந்தாறு பேரைக் கூட்டி, வெளிச்சத்தை அணைத்து, படத்தைப் போட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் உட்காருங்கள். அறையின் ஒலியைப் போனில் பதிவு செய்து, பிறகு அதைப் படத்தோடு சேர்த்து ஓட்டி, சிரிப்பு எந்த நொடியில் வந்தது என்று குறியுங்கள். முடிந்ததும் 'எப்படி இருந்தது' என்று கேட்கவேண்டாம், எல்லோரும் நன்றாக இருந்தது என்பார்கள். 'எங்கே பயந்தீர்கள்' என்று மட்டும் கேளுங்கள். ஒரு இடத்தைக்கூடச் சொல்லவில்லை என்றால் கோளாறு நகைச்சுவையில் இல்லை, திகிலில். அப்பாவின் தோற்றத்தையும் தட்டல் ஒலியையும் சரிசெய்யுங்கள், வசனத்தைத் தொடாதீர்கள்.

பயந்தார்கள் ஆனால் சிரிக்கவில்லை என்றால், எதிர்வினை ஷாட் சீக்கிரம் வெட்டப்பட்டிருக்கும், அல்லது முகம் இருட்டில் இருக்கும். சிரிப்பு வரவேண்டிய வரிக்கு முன்பே வந்தால் முந்தைய வரியிலேயே நகைச்சுவை முடிந்துவிட்டது. அடுத்த வரியை எடுத்துவிடுங்கள். தொடக்கத்தில் சிரித்து நடுவில் அடங்கினால் இரண்டாம் உடைப்பு முதலாவதின் நகல். நெளிந்தார்கள், சிரிப்பு தொண்டையில் நின்றது என்றால் மூன்றாம் படிக்குத் திரும்பி, அந்த இடத்தில் யார் குறியாக இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

சிரிப்புக்காக அரங்கில் விடும் இடைவெளியை இணையத்துக்கான பிரதியில் குறைத்துவிடுங்கள். தனியாகப் பார்ப்பவர் அவ்வளவு சத்தமாக, அவ்வளவு நேரம் சிரிப்பதில்லை. முகப்புப் படமும் தலைப்பும் திகில் படத்தினுடையதாகவே இருக்கட்டும். 'வயிறு வலிக்கச் சிரிக்க' என்று எழுதி வெளியிட்டால் முதல் தட்டலுக்கே யாரும் பயப்படமாட்டார்கள்.